மஞ்சள் வட்டம்

“உங்க வட்டம் நேத்தும் கோணலாம் சார். கண்ணைக் கொண்டுபோய்க் காட்டச் சொன்னாங்க மேடம்.”

“கண்ணாடி மாத்தியாச்சுன்னு சொன்னியா?”

“சொன்னேன். அப்போ கையைக் காட்டச் சொன்னாங்க.”

சோதனை அதிகாரி சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை.

அன்றும் காலையில் எழுந்தார். பல் துலக்கினார். ஒற்றைத் தம்ளரில் டீ போட்டுக் குடித்தார். சட்டைக்கு இஸ்திரி போட்டார். சாவடிக்கு வந்து தடுப்புக் கட்டையின் பூட்டைத் திறந்தார். தினமும் நடப்பதுதான். இஸ்திரி மட்டும் புதிது.

“வேற என்ன சொன்னாங்க?”

“மீசை வண்டியை ரொம்பக் குடையாதீங்க, பாவம், பிள்ளைகுட்டிக்காரன்னு சொன்னாங்க.”

“அது நீயாச் சேத்தது.”

“அது மட்டும் நான் சேத்தது சார்,” என்றான் டிரைவர் மீசை. மீசையை எப்போதோ மழித்துவிட்டான், பெயர் போகவில்லை. அக்கரையில் சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பியிருந்தான்.

பாலத்தின் இந்தக் கரைக்கு ஓர் அரசாங்கம், அந்தக் கரைக்கு இன்னொன்று. இவர் பிரித்துப் பார்த்துக் கட்டி அனுப்பும் சரக்கை அக்கரைச் சாவடியில் இருக்கும் மேடம் மறுபடியும் பிரித்துப் பார்ப்பார். லாரிகள் பாலத்தின் மேலேயே கிடக்கும். தக்காளி வழியிலேயே சாறாகும். அக்கரை அதிகாரியோடு பேசக்கூடாது என்று விதி. ஆனால் டிரைவர்கள் வாயை யார் அடைப்பது?

மேடம் முதன்முதலில் சொல்லியனுப்பியதே திட்டுதான். “உங்க சார் முடிச்சுப் போடுறாரா, பழி வாங்குறாரா? அவுக்கறதுக்குள்ள பொழுது சாயுது.”

“அப்போ அவுக்க வேணாம்னு சொல்லு,” என்று பதில் போயிற்று.

அதில் பிறந்ததுதான் மஞ்சள் வட்டம். முழுதாகப் பார்த்து முடித்த வண்டியின் தார்ப்பாயில் இவர் மஞ்சள் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவார். வட்டம் இருந்தால் மேடம் பிரிக்க மாட்டார். அவ்வளவுதான் ஏற்பாடு. வரிசை கரைந்தது. மேலிடம் மோப்பம் பிடித்தது, திட்டவில்லை, தட்டிக்கொடுத்தது. கடைசியில் இரண்டு அரசாங்கமும் கையெழுத்துப் போட்டன. சரக்கு ஏற்றும் கிடங்கிலேயே ஒரே சோதனை. நாளை முதல் எந்த லாரியும் பாலத்தில் நிற்க வேண்டியதில்லை.

நிற்காத லாரி சேதி கொண்டுவராது.

“இன்னிக்கு சாயங்காலம் பாலத்தை நடந்தே தாண்டப் போறேன்,” என்றார் அதிகாரி. “இனிமே பேசக்கூடாதுன்னு விதி ஒண்ணும் இல்ல. மூணு வருஷமா ஆள் வெச்சுத் திட்டு வாங்கறேன். ஒரு தடவை நேர்லயே வாங்கிக்கறேன். அவங்களுக்கு இஷ்டம்னா, அப்புறம் தினமும் வாங்கிக்கறேன்.”

மீசை தலைத்துண்டை அவிழ்த்தான். பின்னால் நின்ற வண்டி ஹாரன் அடித்தது.

“பொறுடா!”

பின்னால் இருந்தவன் இவன் முகத்தைப் பார்த்தான். எஞ்சினையே அணைத்துவிட்டான். அதற்குப் பின்னால் இருந்தவனும்.

“போகாதீங்க சார்.”

“ஏன், கடிச்சுடுவாங்களா?”

“போன மழையிலயே மேடம் தவறிட்டாங்க சார். ஆபரேஷன்ல. இப்ப அங்க வேற ஆளு. வட்டத்தை மட்டும் அவரும் மதிக்கறாரு.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

“அப்போ இந்தக் கண்ணு, கையி...?”

“நாங்கதான் சார். டீக்கடைல உக்காந்து யோசிப்போம். ஆளுக்கு ஒரு நாள். மேடம் மாதிரி திட்ட வரல சார் எங்களுக்கு. ஏதோ ஒப்பேத்தினோம்.”

கையிலிருந்த சாக்பீஸ் துண்டை அவர் மேசைமேல் வைத்தார். அது உருண்டது. பிடித்து மறுபடியும் வைத்தார்.

“நிஜமா அவங்க கடைசியாச் சொன்னது என்ன?”

மீசை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“‘நான் ஆஸ்பத்திரிக்குப் போறது உங்க சாருக்குத் தெரிய வேணாம். மனுஷன் கை ஓடாம உக்காந்துடுவாரு, வண்டியெல்லாம் நிக்கும். திரும்பி வந்து நானே சொல்லிக்கறேன்.’”