காலையில் கிளம்பாத வண்டி

சாவியைத் திருப்பினேன். ஒரு முனகல்கூட இல்லை.

புல்வெட்டும் வண்டி இது. சின்ன டிராக்டர் மாதிரி மேலே உட்கார்ந்து ஓட்ட வேண்டும். வங்காளத்தில், நியூ டவுனில் இந்தக் கம்பெனி புல் விதைத்த நாளிலிருந்து நான்தான் ஓட்டுகிறேன்.

ஒரு மாதமாக மக்கர் பண்ணுகிறது. காலையில் செத்துக் கிடக்கும். மதியம் நான் சாப்பிட்டுவிட்டு வந்து ஏறினால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும்.

பேட்டரியை மாற்றினார்கள். பிளக்கை மாற்றினார்கள். காலை ஈரம்தான் காரணம் என்று ஒரு மேதை சொன்னான்.

மேனேஜர் வெங்கட்ராமன் சார் வேப்பமர நிழலில் நின்றிருந்தார். தமிழனுக்குச் சலுகை காட்டுகிறார் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில், என்னிடம் மட்டும் கூடுதல் கறாராக இருப்பார்.

துர்கா பூஜைக்கு முன் புல் முழுவதையும் வெட்டியாக வேண்டும். இன்றைக்கும் கிளம்பாவிட்டால் வண்டி கூட வேலை செய்யும் தினேஷ்குமாருக்கு, எனக்குக் களை பிடுங்கும் வேலை. குனிந்து நிமிர இப்போது என்னால் முடியாது. அதை வெளியே சொன்னால் களைகூட மிஞ்சாது.

சார் தினேஷ்குமாரை ஏறச் சொன்னார். தொப்பையும் தானுமாக ஏறி உட்கார்ந்தான். ஒரே திருப்பில் வண்டி உறுமியது.

எல்லோரும் சிரித்தார்கள். அவனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததே நான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மெஷினுக்கே ஒன்னைப் பிடிக்கலையேப்பா. வேலைக்கு டிமிக்கி குடுக்க நீயே ஏதாவது பண்ணிண்டிருக்கியா?" என்றார் சார்.

அதற்குள் அவருக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே தள்ளிப் போனார். வேடிக்கை பார்த்தவர்களும் கலைந்தார்கள்.

மெக்கானிக் தபன்தா மட்டும் நின்றார். 'தா' என்றால் இங்கே அண்ணன். என்னை மறுபடி ஏறச் சொன்னார். சாவியைத் திருப்பினேன். சத்தமில்லை.

பின்னால் வந்து என் இரண்டு தோளிலும் கையை ஊன்றி, தன் பாரம் முழுவதையும் இறக்கினார். திருப்பு என்றார்.

கிளம்பிவிட்டது.

சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் இருக்கிறதாம். ஆள் உட்கார்ந்தால் அந்தப் பாரத்தில் அழுந்தும். அழுந்தாவிட்டால், மேலே டிரைவரே இல்லை என்று வண்டி நினைத்துக்கொள்ளும். சோறு உள்ளே போனால்தான் இத்தனை நாளும் என்னை ஆளாகக் கணக்கில் எடுத்திருக்கிறது.

உள்ளே இரண்டு பனியன் போட்டுச் சட்டையை நிரப்பி, வீட்டில் மனைவி சுலோசனாவைக்கூட ஏமாற்றிவிட்டேன். இந்தப் பாழாய்ப்போன சீட்டை ஏமாற்ற முடியவில்லை.

டாக்டரிடம் போனாயா என்று பெங்காலியில் மெதுவாகக் கேட்டார் தபன்தா.

நான் போய்வரும் கேன்சர் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னேன்.

தபன்தா சீட்டைத் தூக்கினார். சுவிட்சைக் கழற்றி எறிந்துவிட்டு இரண்டு ஒயர்களையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றினார். ஒயர் லூசாக இருந்தது, ஏழுமலை மேல் தப்பில்லை என்று சாரிடம் உரக்கச் சொன்னார். சார் போனிலிருந்து காதை எடுக்காமல் தலையாட்டினார்.

வண்டி என்னிடமே இருக்கட்டும் என்று ஆகிவிட்டது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

தபன்தா என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"இனிமே கவலைப்படாதே ஏழுமலைதா. மேல ஆளே இல்லேன்னாலும் இது ஓடும்."

ஆறுதலாகத்தான் சொன்னார்.