இருக்கிற தோட்டா எல்லாம்

2018 அக்டோபரில், மேற்கு குவீன்ஸ்லாந்தின் வில்காரா ஊரில் த்ரீ-நாட்-த்ரீ தோட்டா விற்கும் கடை ஒன்றுதான் இருந்தது. ஒரு வியாழக்கிழமை காலை லயல் டன்ஸ்டன் அந்தக் கடைக்குள் வந்து, "இருக்கிற எல்லாத்தையும் எடு" என்றார்.

கடைக்காரி க்ளெனிஸ் அவரை நிமிர்ந்து பார்த்தாள். டன்ஸ்டன் குடும்பத்து ஆட்டுப் பண்ணையைச் சனிக்கிழமை வங்கி ஏலம் விடப்போவது ஊருக்கே தெரியும். லயலின் அப்பா ஜப்பானுக்கு எதிரான போரில் சுமந்த, அதே தோட்டா போடும் லீ-என்ஃபீல்டு துப்பாக்கி அந்தக் குடும்பத்தில் இன்னும் இருப்பதும் தெரியும். பண்ணையை மகன் ப்ரெட்டிடம் ஒப்படைத்துவிட்டு, லயல் ஊருக்குள் குடிவந்து இரண்டு வருடமாகிறது.

"எல்லாமேவா? என்ன லயல், ஜப்பான்காரன் திரும்பி வர்றானா?"

"காட்டுப் பன்னி சுட."

மழையில்லாமல் பன்றிகளே செத்துக் கிடந்த வருடம் அது. லயல் துப்பாக்கி உரிமத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். அவர் பார்வை கடை ஜன்னலுக்கு வெளியே, சாலையிலேயே இருந்தது.

"குண்டு எடை நூத்தைம்பது கிரெய்னா, நூத்தி எண்பதா?"

"எதுவா இருந்தா என்ன?"

ஒரு காலத்தில் சுடும் சங்கப் போட்டிக்கு ஒவ்வொரு தோட்டாவையும் தராசில் நிறுத்துப் பார்த்து வாங்கியவர் அவர்.

க்ளெனிஸ் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தாள். மேஜைக்கு அடியில் இருந்த மற்ற நான்கையும் காலால் உள்ளே தள்ளினாள். "அவ்வளவுதான்."

"அலமாரி மேல இருக்கே, அது?"

"அது பழைய ராணுவத் தோட்டா. வெள்ளத்துல நனைஞ்சது. பாதி வெடிக்காது."

"மீதிப் பாதி வெடிக்கும்ல? கொடு."

பக்க ஜன்னலுக்கு வெளியே, சந்துக்குள் நின்ற அவருடைய வண்டியின் முன் சீட்டில், பக்கத்து ஊர்க் கடையின் பை ஒன்று பிதுங்கிக்கொண்டிருந்தது. உள்ளே தோட்டாப் பெட்டிகள். க்ளெனிஸ் அதைப் பார்த்ததும் மூன்று பெட்டிகளையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"லயல், ஏலம் விட வர்ற பேங்க்காரங்க சம்பளத்துக்கு வேலை பாக்கறவங்க. அவங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

"நான் என்ன சொன்னேன் இப்ப?"

"எதுக்குன்னு சொல்லுங்க. இல்லேன்னா போலீஸைக் கூப்பிடறேன்." தொலைபேசியைக் கையில் எடுத்தாள்.

"மருமக ஏற்கெனவே கூப்பிட்டுட்டா. அவங்க வந்து சேர ரெண்டு மணி நேரமாகுமாம்."

க்ளெனிஸின் கை அப்படியே நின்றது. "உங்களைப் பிடிக்கவா?"

லயல் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"துப்பாக்கி எங்கிட்ட இல்ல, க்ளெனிஸ். காலையில ப்ரெட் அதை எடுத்துட்டுக் கிளம்பிட்டான். நாய்ங்களைப் பக்கத்துப் பண்ணையில விட்டுட்டான். 'இனிமே நீங்களே வச்சுக்கோங்க'ன்னு சொன்னானாம்."

அவள் தொலைபேசியைக் கீழே வைத்தாள்.

"பண்ணை வீட்ல இருந்த தோட்டாவைப் போன வாரமே எடுத்துட்டேன். இப்ப வாங்கத்தான் வருவான். தன்னை முடிச்சுக்க அவனுக்கு ஒண்ணு போதும். பெத்த மகனைப் பத்தி இதைக் கடை கடையாப் போய் எப்படிச் சொல்றது?"

வெளியே ஒரு வெள்ளை வண்டி வந்து நின்றது. இஞ்சின் அணைந்தது.

க்ளெனிஸ் குனிந்து, மேஜைக்கு அடியில் இருந்த நான்கு பெட்டிகளையும் எடுத்து அவர் கையில் திணித்தாள். மேலே இருந்த மூன்றையும், நனைந்த பழசையும் வாரி அடுக்கி, அவரைப் பின்னறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

வாசல் மணி அடித்தது. நாற்பது வயது ப்ரெட் உள்ளே வந்தான். முகம் மழித்திருந்தான். சட்டை சுத்தமாக இருந்தது.

"த்ரீ-நாட்-த்ரீ ஒரு பெட்டி குடு, க்ளெனிஸ்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"எல்லாம் வித்துப்போச்சு, ப்ரெட். உக்காரு, டீ போடறேன்."