விற்காத சட்டை

“இதைப் போட்டவனைப் பொலிசில பிடிச்சுக் குடுக்கவேணும்,” என்று சொல்லிச் செல்வநாயகம் தன் கைபேசியைக் கடை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

முள்ளியவளைச் சந்தியில் கைபேசி திருத்தும் குகதாசன் அதை நிமிர்த்தத் தயங்கினான். செல்வநாயகம் எழுபதை நெருங்கும் கோயில் நிர்வாக சபைத் தலைவர்; அவரின் திரையில் பார்க்கக் கூடாத படம் ஏதும் வந்திருந்தால், அதைப் பார்த்தவன் என்ற பெயர் தனக்கு வேண்டாம் என்று நினைத்தான்.

“பார் தம்பி. பாத்திட்டுச் சொல்லு.”

திரையில் ஒரு பெண் குழந்தை மஞ்சள் சட்டையோடு சிரித்துக்கொண்டு நின்றது. ‘வீட்டில் தைத்த பருத்திச் சட்டைகள், உங்கள் வீடு தேடி வரும்’ என்று கீழே எழுதி, ஒரு தொலைபேசி இலக்கமும் போட்டிருந்தது.

“இது பேஸ்புக் விளம்பரம் ஐயா. இதுக்கு ஏன் பொலிஸ்?”

“காலமையில மரண அறிவித்தல் பாக்கத்தான் நான் இதைத் திறக்கிறனான். ஆர் செத்தது எண்டு பாக்க முதல் இது வந்து நிக்குது. நேற்றுக் கோயில் கூட்டத்தில சின்னராசாவுக்கு ஒரு அறிவித்தலைக் காட்டப்போக, இதெல்லோ வந்தது. ‘என்ன, பேரப்பிள்ளைக்குச் சட்டை பாக்கிறியளோ’ எண்டு கேட்டான். இருந்த அவ்வளவு பேரும் சிரிச்சவங்கள்.”

குகதாசன் சிரிக்கவில்லை. செல்வநாயகத்தின் ஒரே மகள் சிவதர்சினி, இரண்டு வருடங்களுக்கு முன் தகப்பனின் சொல்லை மீறித் தான் விரும்பியவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். பெண் கேட்டு வந்த அந்தப் பெடியனை வாய் திறக்க விடாமல் வாசல் படலையோடு திருப்பி அனுப்பியவர் அவர். தனக்கு இனிப் பிள்ளை இல்லை என்று கோயில் வீதியில் நின்று சொன்னதும் ஊருக்கே தெரியும்.

“நீங்கள் பிள்ளைச் சாமான் ஏதும் தேடிப் பாத்தனீங்களோ? தேடினால்தான் இப்பிடி வரும்.”

“செத்த ஆக்களைத் தவிர நான் ஒருத்தரையும் தேடுறேல்லை.”

“புதினமாக் கிடக்கு. என்ர மனிசி பிள்ளைத்தாச்சி. நாள் முழுக்கப் பிள்ளைச் சட்டைதான் பாக்கிறாள். அவளுக்கே இது வரேல்லை.”

குகதாசன் ஓரத்திலிருந்த மூன்று புள்ளிகளைத் தொட்டான். “இதில ‘மறை’ எண்டதை அமத்தினால் இனி வராது. அமத்தட்டோ?”

செல்வநாயகம் கைபேசியைப் பறிப்பதுபோல் வாங்கினார். “விடு. நான் வீட்டை போய் அமத்திறன்.”

வீட்டில் கதிரையில் நிமிர்ந்து இருந்தபடி விரலைத் திரைக்கு மேல் பிடித்தார். விரல் இறங்க மறுத்தது. இந்தப் பிள்ளையை அவருக்கு ஆறேழு மாதமாகத் தெரியும். பச்சைச் சட்டையோடு குப்புறக் கிடந்தது, நீலச் சட்டையோடு தவழ்ந்தது, இப்போது கதிரைக் காலைப் பிடித்து நிற்கிறது.

“அந்தப் பிள்ளை இண்டைக்கும் வந்ததோ?” குசினிக்குள்ளிருந்து மனைவி ஜெகதீஸ்வரி கேட்டாள்.

“எந்தப் பிள்ளை?”

“உங்கட போனில வாறது.”

“அது யாவாரத்துக்குப் பிடிச்ச படம். உனக்கேன்?”

“நிக்குதோ, இருக்குதோ எண்டு கேட்டனான்.”

“நிக்குது,” என்றார். சொன்ன பிறகுதான் தன்மேலேயே கோபம் வந்தது. ஊர்முன் வாக்குச் சொன்ன மனிதர், யாரோ ஒருவரின் பிள்ளை நிற்பதையும் விழுவதையும் பார்த்துக்கொண்டிருப்பது வெட்கக்கேடு. அழுத்தவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. போட்டவர்களையே நிறுத்தச் சொல்வது என்று முடிவு செய்து, படத்தின் கீழிருந்த இலக்கத்துக்கு அழைத்தார்.

ஓர் ஆண் குரல் எடுத்தது.

“முள்ளியவளையில இருந்து செல்வநாயகம் கதைக்கிறன்.”

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெசின் சட்டென்று நின்றது. “சொல்லுங்கோ,” என்றது குரல்.

“உங்கட சட்டை விளம்பரம் இனி எனக்கு வரக்கூடாது. நிப்பாட்டுங்கோ.”

“சட்டை பிடிக்கேல்லையோ?”

“சட்டையில பிழையில்லை. யாவாரத்திலதான் பிழை. எங்கட ஊரில எத்தினை சட்டை வித்தனீங்கள்?”

“ஒண்டும் விக்கேல்லை. வவுனியாவுக்கும் கொழும்புக்கும் போடுற விளம்பரத்திலதான் எங்கட சீவியம் போகுது. முள்ளியவளைக்கு வேறயாப் போடுறம்.”

“விக்காத இடத்துக்கு ஏன் காசு கட்டுறியள்? வாங்கிற ஆக்களாப் பாத்துப் போட ஏலாதோ?”

“ஏலும். ஊர், வயசு, ஆணோ பெண்ணோ எண்டு எல்லாம் குறிச்சுக் குடுக்கலாம்.”

“அப்ப முள்ளியவளைக்கு ஆரைக் குறிச்சனீங்கள்?”

“அறுபத்தைஞ்சு வயசுக்கு மேற்பட்ட ஆம்பிளையளை.”

செல்வநாயகம் நெடுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். “விசர் யாவாரம். அந்த வயசில ஆர் தம்பி குழந்தைச் சட்டையைப் பாக்கப் போறான்?”

மறுமுனையில் ஒரு குழந்தை மழலையில் ஏதோ சொல்லிக் கத்தியது. அதை யாரோ அவசரமாகத் தூக்கிக்கொண்டு விலகுவது கேட்டது. அந்த ஆண் குரல் இப்போது தடுமாறியது.

“சட்டையைப் பாக்கச் சொல்லிப் போடேல்லை, மாமா.”