சக்திவேலுக்கு ஒரு தகடு

“இன்னா சார், ஒரு உயிரு உங்களுக்கு வெளையாட்டா கீதா?”

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த அந்தப் பெண்மணி போட்ட சத்தத்தில் எட்மண்ட் எழுந்தே நின்றுவிட்டான். குரோம்பேட்டையில் அவன் நடத்துவது சின்னப் பட்டறை. நோயாளியின் ஸ்கேனை வைத்து அளவெடுத்து, த்ரீடி பிரின்டரில் உலோக எலும்பு செய்து கொடுக்கிற இடம்.

“உட்காருங்கம்மா. யாருக்கு?”

“சக்திவேலுக்கு! ஆக்சிடென்ட்ல அடிபட்டு, மண்டையோட்டுல ஒரு பக்கத்தக் கழட்டிப் படுக்கப் போட்டுக்கிறாங்களே, அவனுக்கு! தகடு வந்தாத்தான் ஆபரேஷன்னு ஆஸ்பத்திரில சொல்றாங்க. நீங்க இங்க இன்னா பண்ணிகினு கீறீங்க?”

எட்மண்டுக்கு நினைவு வந்தது. டாக்டர் அளவுகளைச் சரிபார்த்து எப்போதோ அனுப்பிவிட்டார். ஆனால்...

“அவங்க அப்பாதாம்மா போன் பண்ணி, ‘அவசரமே இல்ல, மெதுவா பண்ணுங்க’ன்னாரு.”

“சொல்லுவான்! ஏன் சொல்ல மாட்டான்?” மேஜையில் ஓங்கி அறைந்தாள். “வயித்துல சுமந்தவ வேதனை அந்தாளுக்கு இன்னா தெரியும்?”

“நீங்க... அம்மாவா?”

“அம்மாதான். ஞானசௌந்தரி.” குரல் உடைந்தது. கண்ணில் மட்டும் சொட்டு நீர் இல்லை, கொதிப்புதான் இருந்தது. “அவன் எழுந்து உக்காரணும் தம்பி. வாயத் தொறந்து பேசணும். நடந்ததெல்லாம் அவனுக்கு ஞாபகம் வரணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு.”

எட்மண்டுக்கு ரத்தம் சூடேறியது. புருஷனும் பெண்டாட்டியும் பிரிந்து இருக்கிறார்கள் போலிருக்கிறது. அந்த ஆத்திரத்தைப் பெற்ற பிள்ளையின் உயிரிலா காட்டுவது? இவனெல்லாம் ஒரு தகப்பன்!

“நீங்க கெளம்புங்கம்மா. யார் என்ன சொன்னாலும் சரி, அடுத்த வேலை இதுதான்.”

சொன்னபடியே செய்தான். கையிலிருந்த மற்ற வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, தகட்டை முடித்து, பிசிறு தேய்த்து, தானே கொண்டுபோய் டாக்டரிடம் கொடுத்தான். விஷயம் தெரிந்ததும் சக்திவேலின் அப்பா போனில் பாய்ந்தார்.

“உன்னை யாருய்யா அவசரப்படச் சொன்னது?”

“பெத்த புள்ளைக்கு மண்டை மூட வேணாங்கிற ஆளை இப்பத்தான் சார் பாக்குறேன்!” என்று கத்திவிட்டு போனை வைத்தான் எட்மண்ட்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சில வாரம் கழித்து வேறு வேலையாகத் தாம்பரத்திலிருந்த அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, வாசலில் ஞானசௌந்தரி நின்றிருந்தாள். எட்மண்ட் சந்தோஷமாக ஓடினான்.

“அம்மா! சக்திவேல் நல்லா பேசுறாராம். எல்லாம் தெளிவா ஞாபகம் இருக்காம், நர்ஸ் சொன்னாங்க. இங்கயே நிக்கிறீங்களே, உள்ள போய் உங்க புள்ளையப் பாக்கலையா?”

“எம் புள்ளையா?” அவள் வார்டு ஜன்னலை வெறித்தாள். “எம் புள்ள மேடவாக்கம் ரோட்டுலயே செத்துப் போயிட்டான் தம்பி. குடிச்சிட்டு அவன் மேல காரை ஏத்துனவன்தான் இந்த சக்திவேலு; உடம்பு முடியல, முடியலன்னு சொல்லியே அவங்கப்பன் கேஸை இழுத்துகினு இருந்தான், இனிமே கோர்ட்டுக்கு வந்துதான ஆவணும்!”