பேரம் பேசாத கூட்டம்

கடைக்காரர் ஸ்டூல் மேல் ஏறி, பரணில் கிடந்த வாளிகளை இறக்கிக்கொண்டிருந்தார். கீழே வைத்திருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது.

இப்படி ஒரு நாளை அந்தக் கடை பார்த்து ரொம்பக் காலமாகிறது. பிளாஸ்டிக் சாமான் கடை. வாளி, கூடை, டப்பா, வடிகட்டி, துணி மாட்டும் ஹேங்கர். மற்ற நாட்களில் அவரும் மனைவியும் ஈ ஓட்டுவார்கள். ஈக்கும் சலித்துப்போய் அது அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

இன்று வாசலில் வரிசை நிற்கிறது.

எல்லாம் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் செய்த வேலை. பாதிக் கடைகள் ஷட்டரை இறக்கிவிட்டுப் போன தெரு இது. ஒரு பருவம் முழுக்க வந்து, சுவர்களுக்கு மஞ்சள் அடித்தார்கள். மூடிய ஷட்டர்களில் படம் வரைந்தார்கள். உட்கார பெஞ்சு போட்டு, விளக்குச் சரம் கட்டினார்கள். அதையெல்லாம் பார்வையிட இன்று பேராசிரியரும் நகராட்சி அதிகாரியும் வந்திருந்தார்கள். இதை வைத்துத்தான் மதிப்பெண்.

அந்தக் குழுவை நடத்தியவள் கடை வாசலில் நின்றிருந்தாள். எல்லோருக்கும் அவள் லீடர், கடைக்காரருக்கு மட்டும் பாப்பா. இந்தக் கூட்டத்தைப் பார்த்து வாயெல்லாம் பல்லாக நிற்க வேண்டியவள், நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கடைக்காரர் ஸ்டூலை விட்டு இறங்கி, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

மச்சானுக்குத்தான். மனைவியின் தம்பி வேறு ஊரில் கிடங்கு வைத்திருந்தான். அங்கே இவருக்கு மேற்பார்வை வேலை, தங்குவதற்கு இரண்டு அறை, மாதம் பிறந்தால் சம்பளம். இன்று சாயந்திரத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று சொல்லியிருந்தான். கடையைக் காலி செய்துவிட்டுப் போவது என்றுதான் நேற்று வரை முடிவு. லீடருக்கும் அது தெரியும். புருஷனும் பெண்டாட்டியும் சரக்கை மூட்டை கட்டியபோது, சாக்கின் ஒரு முனையை அவள்தான் பிடித்துக்கொண்டாள்.

இன்று காலை கூட்டத்தைப் பார்த்ததும் அந்த மூட்டைகளையெல்லாம் அவர் அவிழ்த்துவிட்டார்.

உள்ளே பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த மனைவி, அவர் கையில் போனைப் பார்த்ததும் ஓடிவந்து முழங்கையைத் தொட்டாள். நூல் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, மேசை மேலிருந்த நூல்கண்டை எடுத்து அவள் கையில் வைத்தார். அவள் அதை வைத்துக்கொண்டு நின்றாள். அதற்குள் மறுமுனையில் தம்பி எடுத்துவிட்டான்.

“மச்சான், கோவிச்சுக்காதடா. நான் வரல. கடை ஓடுது. நெஜமாத்தான் சொல்றேன், ஓடுதுடா.”

லீடர் வரிசையைத் திரும்பிப் பார்த்தாள்.

வரிசையில் நின்ற அத்தனை பேரும் அவள் வரவழைத்தவர்கள். வேற்றுத் துறைக்காரர்கள், விடுதித் தோழிகள், தோழிகளின் தோழர்கள். அதிகாரி வரும் நேரத்தில் தெரு வெறிச்சோடிக் கிடந்தால் நம் கதை கந்தல், ஆளுக்கு ஒரு சாமானாவது வாங்குங்கள் என்று நேற்று ராத்திரி எல்லோருக்கும் செய்தி அனுப்பியிருந்தாள். அவர்களை ஏற்றிவந்த பஸ்ஸைப் பின்தெருவில் நிறுத்தச் சொன்னதும் அவள்தான்.

கடைக்காரரிடம் சொல்லவில்லை. மனிதர் வெள்ளந்தி, சொன்னால் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்று விட்டுவிட்டாள். எப்படியும் கிளம்பப் போகிறவர், கடைசியாக ஒரு நாள் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டுமே, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்றுகூட நினைத்திருந்தாள்.

ஓடிப்போய் அந்தப் போனைப் பிடுங்கியிருக்கலாம். அவளால் முடியவில்லை. பக்கத்திலேயே அதிகாரி நின்று, தலையை ஆட்டி ஆட்டிக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். பேசி முடித்த கடைக்காரர் வெளியே வந்து, அதிகாரி கையில் ஒரு சிவப்புக் கூடையை அன்பளிப்பாகத் திணித்தார். அதையும் படம் எடுத்தார்கள். லீடரும் படத்தில் சிரித்தாள்.

பெரியவர்கள் கிளம்பினார்கள். வரிசையும் கலைந்து பின்தெருப் பக்கம் போனது.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று லீடர் உள்ளே போனாள். கடைக்காரர் இல்லை. எதிர்க் கடைக்காரரிடம் நல்ல சேதி சொல்லப் போயிருந்தார். அவர் மனைவி மட்டும், அவிழ்ந்து கிடந்த நூலைக் கண்டில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, இன்னிக்கு வந்தவங்க...” என்று ஆரம்பித்தாள்.

அக்கா நிமிர்ந்து பார்க்காமலே பேசினாள். ஒருத்தர்கூட விலையைக் குறைக்கச் சொல்லவில்லையாம். வாளியைத் தட்டிப் பார்க்கவில்லையாம். டப்பா இல்லாமல் வெறும் மூடியை மட்டும் வாங்கிக்கொண்டு ஒரு பையன் போனானாம். அவளுக்குக் காலையிலேயே புரிந்துவிட்டதாம். போனைப் பிடுங்கத்தான் ஓடிவந்தாளாம். அவர் முகத்தைக் கிட்டத்தில் பார்த்ததும் வாய் அடைத்துப்போயிற்றாம்.

தன் போனை லீடர் பக்கம் திருப்பிக் காட்டினாள். தம்பி செய்தி அனுப்பியிருந்தான். வேறு ஆளுக்குச் சொல்லியாயிற்று, வருத்தப்படாதே அக்கா.

பின்தெருவில் பஸ் ஹார்ன் அடித்தது. லீடருக்காகத்தான் நிற்கிறார்கள்.

வாசலில் கடைக்காரரின் சிரிப்புச் சத்தம் நெருங்கி வந்தது. அக்கா நூல்கண்டை மேசையில் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“நாளைக்கும் கூட்டிட்டு வருவியாம்மா?”