லிட்டருக்கு ஏழு

"கையில கற்பூரம் ஏத்திட்டா திருடன் உத்தமனாயிடுவானா?" என்று கேட்டாள் கெங்கம்மாள்.

அவள் புருஷன் தணிகைவேல் வலது உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தான். நடு உள்ளங்கையில் கொப்புளம் புடைத்திருந்தது.

எல்லையம்மன் கோயிலில் முதலாளி மணவாளனுக்கு எதிரில், கையில் கற்பூரத்தை ஏற்றி, "ஒரு சொட்டு டீசல் நான் எடுக்கல" என்று சத்தியம் செய்துவிட்டு வந்திருந்தான். அது எரிந்து முடிகிற வரைக்கும் கையை உதறவில்லை.

"முதலாளி இன்னா சொன்னாரு?"

"டீசலுக்கு உன் சம்பளத்துல புடிச்சுக்கறேன்னாரு. நாளையிலேர்ந்து வர வாணாம்னு சாவிய வாங்கிக்கினாரு."

"சாமி முன்னாடி சத்தியம் பண்ணியும் அவரே நம்பல. நான் மட்டும் நம்பணுமா?"

விஷயம் இதுதான். மணவாளன் வாங்கின புது பிக்கப் வண்டி லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் கொடுக்கும் என்று ஷோரூமில் சொல்லியிருந்தார்கள். எதிர்வீட்டு அப்பாவு அதே மாதிரி வண்டியில் பால் கேன் ஏற்றுகிறான். அவனுக்குப் பன்னிரண்டு கொடுக்கிறது. தணிகைவேல் ஓட்டினால் மட்டும் ஏழு. அப்படியானால் மீதி டீசல் எங்கே போகிறது?

"நான் இன்னா பால் கேனா ஏத்துறேன், கெங்கா? ரெண்டு டன் ஜெனரேட்டரப் பின்னாடி கட்டி இழுத்துக்கினு போறேன். கரண்ட் போனா எந்தக் கம்பெனி கூப்ட்டாலும் இழுக்கணும். பாலம் ஏறசொல்ல வண்டி அழுவுது. ஏழு குடுக்கறதே பெருசு."

"லாரி ஓட்டசொல்லவும் இப்படித்தான் கத சொன்னே."

அது பொய்யில்லை. கல்யாணமான புதிதில் ஒரு கேன் டீசலை விற்று மாட்டிக்கொண்டவன்தான் அவன். அதற்கப்புறம் கை வைத்ததில்லை. ஆனால் பனைமரத்தடியில் உட்கார்ந்து பாலைக் குடித்தாலும் ஊர் கள்ளென்றுதான் சொல்லும். கட்டின பெண்டாட்டியும் ஊரோடு சேர்ந்துகொண்டாள்.

"தேங்கா எண்ண கொஞ்சம் தடவி உடு. காந்துது."

"திருடுன கைதானே, வேகட்டும்."

நீட்டின கையை அவன் மெதுவாக மடக்கிக்கொண்டான்.

"நாளைக்கு என் சம்பளம் வாங்கினதும் பாப்பாவக் கூட்டிக்கினு வல்லூர்ல எங்கம்மா ஊட்டுக்குப் போறேன். திருட்டுச் சோறு எனக்கு வாணாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். தட்டில் போட்ட சோறு அப்படியே கிடந்தது.

மறுநாள் காலை சிப்காட்டுக்கு வேலைக்கு வந்தாள். ஓர் இரும்புக் கம்பெனி ஆபீசில் பெருக்கித் துடைத்து டீ கொடுப்பது அவள் வேலை. மேனேஜர் அறைக்குள் டீ எடுத்துக்கொண்டு நுழைந்தபோது அவர் யாரையோ பிடித்துக் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"என்ன மணவாளன் இது? ஜெனரேட்டர் வாடகை சரி. அதை இழுத்துட்டு வந்த டீசலுக்கு, லிட்டருக்கு ஏழுன்னு பில் போட்டிருக்கீங்க. அந்த வண்டி பன்னெண்டு குடுக்குமே?"

பெயரைக் கேட்டதும், எதிரில் உட்கார்ந்திருந்தவரைத் திரும்பிப் பார்த்தாள். மணவாளன் அவளை இதுவரை பார்த்ததில்லை.

"காலி வண்டிக்குப் பன்னெண்டு சார். ரெண்டு டன்னப் பின்னாடி கட்டி இழுத்தா ஏழு குடுக்கறதே பெருசு. பாலம் ஏறசொல்ல வண்டி அழுவுது சார்."

நேற்று வீட்டில் கேட்ட அதே பேச்சு.

"உங்க டிரைவர் அடிச்சு வித்திருப்பான். அதுக்கு நாங்க அழணுமா?"

"ஐயோ, பாவம் சார்! கையில கற்பூரம் ஏத்திச் சத்தியம் பண்ணான். கை வெந்து போச்சு, உதறல. அவன நம்பலைன்னா நமக்குச் சோறு எறங்குமா?"

டிரைவர் திருடிவிட்டான் என்று அவன் சம்பளத்தில் பிடித்த அதே டீசலுக்கு, வண்டி குடித்துவிட்டது என்று கம்பெனியிலும் காசு கேட்கிறான் பாவி!

மேனேஜருக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. அவள் பக்கம் திரும்பினார். அவள் புருஷன் டிரைவர் என்று தெரியுமே தவிர, யாரிடம் ஓட்டுகிறான் என்பது அவருக்குத் தெரியாது.

"ஏம்மா, உன் வீட்டுக்காரரும் டிரைவர்தானே? நீ சொல்லு. ஜெனரேட்டரை இழுத்தா ஏழுதான் குடுக்குமா?"

இல்லை என்று சொன்னால் இந்த ஆளுக்குப் பில் பாஸாகாது. ஆனால் அவள் புருஷன் திருடனாகவே நிற்பான்.

"ஆமா சார். ஏழுதான் குடுக்கும்" என்றாள். "எங்க ஊட்டுக்காரரு பொய் சொல்ல மாட்டாரு."

மேனேஜர் பில்லில் கையெழுத்துப் போட்டார். "அவ்வளவு நல்ல டிரைவரை ஏன் இன்னைக்குக் கூட்டிட்டு வரல?"

"நின்னுட்டான் சார். இந்தக் காலத்துல நல்ல ஆளுங்க எங்க நிக்கறாங்க?"

'அவரு நிக்கலய்யா, நீதான் நிறுத்தினே' என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட வாயெடுத்தாள். எண்ணெய் கேட்டு நீட்டின அந்தக் கை ஞாபகம் வந்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? டீயை நீட்டினாள்.

மணவாளன் டம்ளரை வாங்கிக்கொண்டு அவளைப் பார்த்து மனசாரச் சிரித்தார்.

"புருஷன் பேச்ச இவ்ளோ நம்பற பொம்பளய நான் பார்த்ததில்லம்மா. உன்னக் கட்டினவன் குடுத்து வெச்சவன்."