விற்காத குலை

“அது விக்கிறதுக்கு இல்லீங்க.”

அழகம்மா இப்படிச் சொன்னதும் வான் வண்டியில் வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கொழும்புக்குத் திரும்பிப் போகிற ஆட்கள். வெயிலில் வாடியிருந்தார்கள். தலைக்கு மேலே கயிற்றில் பெரிய செவ்விளநீர்க் குலை தொங்குகிறது. கீழே மேசையில் கத்தியும் இருக்கிறது.

“விக்கிறதுக்கு இல்லையெண்டால் பிறகேன் கட்டித் தொங்கவிட்டிருக்கிறியள்?”

“மத்ததெல்லாம் முடிஞ்சிருச்சு. நாளைக்கு வாங்க.”

“நாளைக்கு நாங்கள் இங்க நிக்கமாட்டம்.”

“அப்ப வேற கடை பாருங்க.”

அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வண்டியில் ஏறிப் போனார்கள். அழகம்மா வெறும் மேசைக்குப் பின்னால் போய் இருந்துகொண்டாள்.

எதிர்ப்பக்கத்தில், பிரதாபனின் போன் கடைத் தாழ்வாரத்தில் இருந்து வினோஜா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வினோஜா சித்திரம் படிப்பிக்கிற ரீச்சர். பள்ளிக்கூட விடுமுறை. யாழ்ப்பாணத்தில் நடக்கப்போகும் கண்காட்சிக்காகக் கிளிநொச்சிச் சந்தைத் தெருவைப் படமாகக் கீறிக்கொண்டிருந்தாள்.

பழைய ஒல்லாந்து ஓவியர்கள் என்றால் அவளுக்குப் பைத்தியம். தங்கள் ஊர்த் தெருக்களையும், மீன் விற்கிறவளையும், வட்டிக்காரனையும் அவர்கள் தீட்டிய மாதிரித் தானும் தீட்டவேண்டும். சுற்றிவர இருட்டு, நடுவில் ஒரு வெளிச்சம். ஆனால் அந்த முறையில் அவசரப்பட முடியாது. ஒரு பூச்சு காய்ந்த பிறகுதான் அடுத்த பூச்சு. தெருவோ அதுவரைக்கும் காத்து நிற்காது. நேற்று நின்ற ஓட்டோ இன்றைக்கு இல்லை. சைக்கிள் சாத்தியிருந்த இடத்தில் வெங்காய மூட்டை வந்துவிடும்.

“பாத்தியளே ரீச்சர்?” என்றான் பிரதாபன். “அவா அந்தக் குலையை ஒருத்தருக்கும் குடுக்கமாட்டா. நானும் கேட்டுப் பாத்தனான்.”

“ஏனாம்?”

“வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வருகுதெல்லே. சனம் போற நேரம் பாத்து வேற விலை சொல்லலாம். மலைநாட்டில இருந்து ஒண்டுமில்லாமல் வந்த சனம். கையில நாலு காசு கண்டாப்பிறகு இப்பிடித்தான்.”

வினோஜாவுக்கும் அப்படித்தான் பட்டது. வந்த நாளிலிருந்து அந்த மனுசி சிரித்து அவள் காணவில்லை. எதிரே ஒருத்தி இருந்து தன்னைக் கீறுகிறாளே என்று ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை.

“அவாவையும் சேத்துத்தானே கீறுறியள்? கேட்டனீங்களோ?” என்றான் பிரதாபன்.

“தெருவைக் கீறுறதுக்கு ஆரிட்டக் கேக்கிறது?”

அடுத்த நாள் அழகம்மாவின் மகன் நிஷாந்தன் மோட்டார்சைக்கிளில் புதுக் குலைகள் கொண்டுவந்து இறக்கினான். தொங்கிய குலையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான்.

“அம்மா, இது காயத் தொடங்கிருச்சு. மொதல்ல இத வெட்டுங்க.”

“அதில கை வெக்காத.”

“இன்னும் ரெண்டு நாள் போனா ஒருத்தனும் வாங்கமாட்டான்.”

“வாங்காட்டிப் போகட்டும். நீ வேலையப் பாரு.”

பெற்ற மகனிடமும் இதே குரல்தான். வினோஜாவுக்குத் தேடிய முகம் கிடைத்துவிட்டது. புத்தகத்தில் பார்த்த வட்டிக்காரனின் முகம். இறுகிய வாய், ஒடுங்கிய கண், எதையும் விட்டுக்கொடுக்காத பார்வை. அந்த முகத்தை அழகம்மாவின் சாயலில், செம்மஞ்சள் குலைக்குக் கீழே வைத்தாள். ஒவ்வொரு பூச்சிலும் வாயை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள்.

பிரதாபன் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“அச்சொட்டாய் அவாவேதான், ரீச்சர். உள்ளுக்கை இருக்கிறதையும் சேத்துக் கீறிப்போட்டியள்.”

வினோஜாவுக்கு அந்தப் பாராட்டுப் பிடித்திருந்தது.

கடைசி நாள் பெரிதாக வேலை இருக்கவில்லை. குலையில் வெயில் படுகிற இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. உதட்டோரத்தில் ஒரு நிழல். தள்ளி நின்று பார்த்தாள். திருப்தியாக இருந்தது. தூரிகைகளைத் துடைக்கத் தொடங்கினாள்.

அப்போதுதான் அழகம்மா தெருவைக் கடந்து வருவதைக் கண்டாள். வினோஜா சட்டென்று படத்துக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

அழகம்மா தாழ்வாரத்தில் ஏறவில்லை. கீழே நின்றபடியே ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள்.

“முடிஞ்சிருச்சுங்களா, டீச்சர்?”

“ஓம், முடிஞ்சுது.”

“மொத நாள் நீங்க அந்த எளநிக் கொலையத்தான் பாத்துப் பாத்து வரைஞ்சீங்க. படம் முடியுறதுக்குள்ள அது இல்லாமப் போனா உங்களுக்குச் சிரமமாப் போயிருமேன்னு யாருக்கும் குடுக்காம வெச்சிருந்தேன்.” திரும்பித் தன் கடையை ஒரு தடவை பார்த்தாள். “இனி வெட்டலாங்களா?”

படத்தை மறைத்து நின்ற இடத்தை விட்டு வினோஜா விலகவில்லை. துடைத்து வைத்த தூரிகைகளில் ஒன்றைத் திரும்பவும் கையில் எடுத்தாள்.

“குலையை வெட்டுங்கோ, அம்மா,” என்றாள். “முகந்தான் பிழைச்சுப்போச்சு. அதை நான் திருப்பிக் கீறவேணும்.”